ரேஸ் பெல்ட்டும் உப்புக்காற்று தின்ற தரைத்தகடும்

போன மாதம் உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி தன் பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கையில் சிவப்பு நிற ரேஸ் பெல்ட், நாலு பட்டை வைத்தது. ஆன்லைனில் பழசாக வாங்கியிருக்கிறார். "அண்ணே, இதைத் தரையில போல்ட் போட்டுக் குடுங்க. தனுஷ்கோடி ரோட்டுல கொஞ்சம் விரட்டிப் பார்க்கணும்" என்றார்.

பின் சீட்டைக் கழற்றி, தரையில் விரித்த மேட்டைத் தூக்கினேன். ஸ்குரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தியதுமே தகடு பொத்துக்கொண்டு போனது. பல வருடம் ராமேஸ்வரத்தில் கடலோரமாக நின்ற வண்டி. மேலே பெயின்ட் பளபளக்கிறது, அடியில் துரு தின்றிருக்கிறது. பாம்பன் புதுப் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்ட ஊர் இது.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்தில் ரேஸ் கார்களுக்கு வேலை பார்த்தபோது நான் முதலில் படித்த பாடமே இதுதான்: பெல்ட்டை விட அது மாட்டியிருக்கும் இடத்தைப் பார். மோட்டார் பந்தயங்களை நடத்தும் விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி, தோள், இடுப்புப் பட்டைகளை மாட்டும் ஒவ்வொரு இடமும் சுமார் ஒன்றரை டன் இழுவையைத் தாங்க வேண்டும். புதிதாக ஓட்டை போட்டு மாட்டினால், குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள இரும்புத் தட்டை அங்கே வைக்க வேண்டும்.

அவ்வளவு எதற்கு என்று தம்பி கேட்டார். 2020 பஹ்ரைன் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ஓட்டுநர் ரோமன் குரோஷான் தடுப்பில் மோதியபோது பதிவான விசை 67 ஜி, அதாவது உடம்பு எடையைப் போல 67 மடங்கு. 70 கிலோ ஆளாக இருந்தால், அந்தக் கணத்தில் பெல்ட்டை நாலரை டன்னுக்கு மேல் இழுப்பார். குரோஷான் பிழைத்தது பெல்ட்டால் மட்டுமில்லை. உடையாத ஓட்டுநர் கூடு, தலைக்கு மேலே ஹாலோ வளையம், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் எல்லாம் சேர்ந்துதான் காப்பாற்றின. தோளை இறுக்கிக் கட்டினால் தலை மட்டும் முன்னால் பாயும். அந்த வேகத்தைக் கழுத்து தாங்காது. அதனால்தான் ஃபார்முலா 1-இல் 2003 முதல் ஹான்ஸ் கட்டாயம்.

நம் காரில் இதில் எது இருக்கிறது? வண்டி உருண்டு கூரை அமுங்கினால், சாதாரண மூன்று முனை பெல்ட்டில் உடம்பு கொஞ்சம் சாய இடமுண்டு. நாலு பட்டை உங்களை நிமிர்த்தியே வைத்திருக்கும். தொடைக்கு நடுவே வரும் பட்டையும் இல்லாததால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும். குடலும் கல்லீரலும் அங்கேதான் இருக்கின்றன. அப்புறம், கேட் செய்யும் ஜிஐ பைப்பில் ரோல் கேஜ் (வண்டி உருண்டால் கூரை அமுங்காமல் தாங்கும் குழாய்க் கூண்டு) கட்டித் தரச் சொல்லியும் சிலர் வருகிறார்கள். ரேஸ் கேஜ் ஒட்டு இல்லாத சீம்லெஸ் எஃகுக் குழாயில் செய்வது. முக்கிய வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் குழாய் என்றால் சுவர் கனம் 2.5 இருக்க வேண்டும். ஜிஐ பைப்பில் நான் கட்டித் தருவதில்லை.

வெயிலும் பெல்ட்டுக்கு எதிரிதான். கரையில் கிடந்து நரைத்த நைலான் கயிற்றை நம்பி யாரும் படகைக் கட்டுவதில்லை. நரைத்த பெல்ட்டும் அப்படித்தான். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் அடிப்பாகத்தை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வருடம் ஒருமுறை மேட்டைத் தூக்கி, சீட், பெல்ட் போல்ட்களைச் சுற்றித் தட்டிப் பாருங்கள்.

தம்பியின் வண்டியில் செத்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வைத்தேன். கம்பெனி பெல்ட்டையே புது போல்ட் போட்டு மாட்டினேன். சிவப்பு பெல்ட்டின் லேபிளைப் பார்த்தோம், 2019-ஓடு காலம் முடிந்திருந்தது. வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று, அவரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே கத்தரித்துப் போட்டேன்.