பேய் நகரம் அல்ல, பாழ்நகர்

துருக்கியின் கிழக்கு எல்லையில், ஆர்மீனியாவைப் பார்த்தபடி, ஆனி என்ற பழைய தலைநகர் இடிந்து கிடக்கிறது. அதைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள், ஆளற்ற ஊரைக் குறிக்கும் ஆங்கில 'ghost town' என்பதை அப்படியே மாற்றி, 'பேய் நகரம்' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

ஆளற்று அழிந்த இடத்துக்குத் தமிழில் சொல் 'பாழ்'. பாழ்மண்டபம், பாழுங்கிணறு என்று இன்றும் சொல்கிறோம். கரிகாலன் பகைவர் ஊர்களை அழித்ததைப் பட்டினப்பாலை 'பெரும்பாழ் செய்தும் அமையான்' என்கிறது. ஆகவே ஆனி ஒரு பாழ்நகர்.

'பேய்' வேறு வேலை செய்யும் சொல். பேய்மழை என்றால் கொட்டித் தீர்க்கும் மழை. பேய்ச்சுரை என்றால் கறிக்கு ஆகாத கசப்புச் சுரை. கடுமையைச் சொல்லும், ஆகாததைச் சொல்லும். ஆளில்லை என்று எங்கே சொல்கிறது? 'பேய் நகரம்' என்று படிப்பவர் ஆவி உலவும் ஊர் என்றுதான் நினைப்பார். ஆங்கில வழக்கின் ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ச்சொல் வைத்தால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைப்பதால் வரும் கேடு இது. தமிழில் அந்தப் பொருளை எப்படிச் சொல்வோம் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

'கைவிடப்பட்ட நகரம்' என்பாரும் உண்டு. பேயைவிடத் தேவலை. ஆனால் மக்கள் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டதுபோல ஒலிக்கிறது. ஆனியில் நடந்தது அதுவல்ல. 961-இல், ஆர்மீனியாவை ஆண்ட பக்ரதுனி அரசர்களின் தலைநகரானது. மற்ற பக்கங்களில் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் காக்க, திறந்து கிடந்த வடக்கில் அவர்களுள் ஒருவரான இரண்டாம் சிம்பாத் இரட்டை மதில் எழுப்பினார். 1045-இல் பைசாந்தியர் பிடித்தனர். 1064-இல் செல்ஜுக் சுல்தான் அல்ப் அர்ஸ்லானின் படை சூறையாடியது. 1236-இல் மங்கோலியர் வந்தனர். 1319 நிலநடுக்கத்தில், கட்டடக் கலைஞர் திர்தாத் 1001-இல் கட்டி முடித்த பேராலயத்தின் குவிமாடம் சரிந்தது. வணிகப் பாதைகளும் விலகிப் போக, ஊர் சிறுத்துச் சிறுத்து ஆளற்றுப்போனது.

பாழாக்கினார்கள், பாழ்பட்டது என்று இந்த இரண்டு வகை அழிவையும் 'பாழ்' ஒன்றே தாங்கும். பேயை வைத்து இப்படி ஒரு வினை சொல்ல முடியாது. அங்குள்ள மீட்பர் தேவாலயத்தின் கிழக்குப் பாதி 1957-இல் ஒரு புயலின்போது விழுந்தது. மேற்குப் பாதி மட்டும், உட்சுவர் வெளியே தெரிய, வெட்டவெளியில் நிற்கிறது. அதைப் 'பாதி பாழ்' என்றாலே போதும், வாசகருக்குக் கட்டடம் கண்முன் வந்துவிடும்.

'பாழ்நகரம்' என்று எழுதினாலும் பிழையில்லை. 'பாழடைந்த நகரம்' என்று விரித்துச் சொல்லலாம். தலைப்பில் இடம் போதாதபோது மட்டும் சுருக்கினால் போதும்.