இலக்கத்தை அழித்துவிட்டு உள்நுழையாதீர்கள்

கிளிநொச்சியில் மாரி மழை தொடங்கினால் எங்கள் அலுவலகத்தில் முதலில் போவது கரண்ட். அடுத்தது இணைய இணைப்பு. நாங்கள் எழுதுவதோ பங்குச் சந்தைக்கு ஓடர் கொண்டுபோகும் கணினி நிரல். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இணைப்பு அறவே அறாத இடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்தாலும் கண்ணில் படாத பிழைகளை எங்கள் மழை ஒரு பின்னேரத்தில் காட்டிவிடும்.

சந்தைக்கும் தரகருக்கும் நடுவே ஓடும் மொழியின் பெயர் ஃபிக்ஸ். 1992-இல் ஃபிடெலிட்டியும் சாலமன் பிரதர்ஸும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த ஓடர்களைக் கணினி வழியாக அனுப்புவதற்காகத் தொடங்கினார்கள். உருவத்தில் எளிமையானது: ஒரு டேக் இலக்கம், சமன் குறி, பெறுமதி. 54=1 என்றால் வாங்கு, 54=2 என்றால் விற்பனை, 38 என்றால் எத்தனை பங்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. இந்த எளிமையைப் பார்த்துத்தான் புதிதாக வருகிற பெடியள் ‘இதை நானே ஒரு நாளில் எழுதிவிடுவேன்’ என்கிறார்கள். செய்தியை உடைத்துப் படிக்கும் பகுதியை எழுதிவிடலாம், சரி. குவிக்ஃபிக்ஸ் போன்ற திறந்த மூல நூலகங்களில், அதாவது யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்புகளில், அது சின்னப் பகுதிதான். உரையாடலை உயிரோடு வைத்திருக்கும் செஷன் பகுதியும், அனுப்பியதையெல்லாம் எழுதிவைக்கும் ஸ்டோர் பகுதியும்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

கூட்டுறவுச் சங்கத்தில் நெல் கொடுத்தவர்களுக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகம் தெரியும். 46-க்கு அடுத்து 48 இருந்தால் முகாமையாளர் முதலில் கேட்பது ‘47 எங்கே?’ என்றுதான். ஃபிக்ஸில் 34-ஆம் டேக் அந்தச் சீட்டு இலக்கம். இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் புத்தகத்தை வைத்திருக்கும். மறுபக்கத்திலிருந்து 214 வரவேண்டிய இடத்தில் 217 வந்தால், நூலகம் தானாகவே 35=2 என்ற செய்தியை (35 செய்தியின் வகையைச் சொல்லும் டேக்) அனுப்பி, 214-இலிருந்து திரும்ப அனுப்பு என்று கேட்கும். திரும்ப வருகிறவற்றில் 43-ஆம் டேக் இருக்கும்: இதை ஏற்கெனவே ஒரு தடவை அனுப்பியிருக்கலாம், பார்த்து எடு என்று அர்த்தம்.

இனி எங்கள் பிழை. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நிரலைக் கொண்டெய்னரில், அதாவது ஒவ்வொரு புதுப்பிப்பிலும் தூக்கி எறிந்து புதிதாக வைக்கும் மென்பொருள் பெட்டியில், போட்டு ஓடவிட்டோம். ஸ்டோர் எழுதும் கோப்பு அந்தக் கொண்டெய்னருக்குள்ளேயே இருந்தது. நிரலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் கோப்பு அழிந்து எங்கள் இலக்கம் 1-க்குப் போய்விடும். மறுபக்கமோ 200-ஐத் தாண்டி நிற்கும். ‘இலக்கம் மிகச் சிறியது’ என்று சொல்லி அவர்கள் இணைப்பைத் துண்டிப்பார்கள். சரியான முறை என்றிருந்தால் கோப்பை வெளியே நிலையான வட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும். நாங்கள் இணையத்தில் தேடினோம். உள்நுழையும்போதெல்லாம் இரு பக்கமும் 1-இலிருந்து தொடங்கட்டும் என்று ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மாற்றினோம். பிழைச் செய்தி போய்விட்டது. அன்றைக்குத் தேநீரோடு வடையும் வாங்கிக் கொண்டாடினோம்.

சில வாரங்களுக்குப் பிறகு, 500 பங்கு வாங்கும் ஓடர் ஒன்று போன கையோடு இணைப்பு அறுந்தது. ஓடர் நிறைவேறிவிட்டது. அதைச் சொல்லும் 35=8 செய்தி மட்டும் வந்துசேரவில்லை. திரும்ப இணைந்தபோது எங்கள் அமைப்பு இலக்கங்களை அழித்துவிட்டதால் நடுவே இடைவெளி இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. இரண்டு நிமிடம் பதில் இல்லை என்று எங்கள் நிரல் புதிய ஓடர் இலக்கத்தோடு இன்னொரு 500 அனுப்பியது. கணக்கில் 1000. வாடிக்கையாளர் கோபப்படவில்லை, ஆனால் அன்றிரவு அவர் பேசிய அமைதியான குரல் இன்னும் காதில் நிற்கிறது. 11-ஆம் டேக்கில் பழைய ஓடர் இலக்கத்தையே வைத்து அனுப்பியிருந்தால் மறுபக்கம் இரட்டை என்று தள்ளியிருக்கக்கூடும். அதைவிட நல்லது, ஓடரின் நிலையை முதலில் கேட்பது. அதற்கென்றே ஃபிக்ஸில் தனிச் செய்தி உண்டு.

இலக்கத்தை 1-க்குக் கொண்டுபோவது குற்றமில்லை. நாளுக்கோ வாரத்துக்கோ ஒரு தடவை, இரு தரப்பும் பேசிவைத்த நேரத்தில் செய்வார்கள். வணிகம் நடக்கும் நேரத்தில் பிழைச் செய்தியை மறைக்கச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எதிர்த் தரப்பு எங்களிடம் 47-ஆம் செய்தியைத் திருப்பிக் கேட்டால், நூலகம் பழைய ஓடரைத் தூக்கி அப்படியே அனுப்பப் பார்க்கும். பத்து நிமிடத்துக்கு முந்திய விலையில் போட்ட ஓடர் இப்போது யாருக்கு வேண்டும்? குவிக்ஃபிக்ஸில் அனுப்புவதற்கு முன் உங்கள் நிரலைக் கூப்பிட்டுக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ‘அனுப்பாதே’ என்று சொன்னால், ஓடருக்குப் பதிலாக அந்த இலக்கத்தைத் தாண்டிப் போ என்ற செய்தி மட்டும் போகும். பலர் இந்த இடத்தை வெறுமையாக விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு பொறியும் இருக்கிறது. செய்தியின் நீளத்தைச் சொல்லும் 9-ஆம் டேக் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணும். சோதனைக்காக ஒரு தம்பி குறிப்பு எழுதும் 58-ஆம் டேக்கில் ‘வணக்கம்’ என்று போட்டான். கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடு கணக்கில் 7 குறி, யூடிஎஃப்-8-இல் 21 பைட். அவன் கையால் எழுதிய நிரல் 7 என்று எண்ணியது, மறுபக்கம் செய்தியையே குப்பையில் போட்டது. ஆங்கிலமல்லாத எழுத்துக்கு 354, 355 என்று தனி டேக்குகள் உண்டு.

நேரமும் அப்படித்தான். செய்தி அனுப்பிய நேரத்தைச் சொல்லும் 52-ஆம் டேக்கில் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் போகவேண்டும். இங்கே காலை 9.30 என்றால் யூடிசியில் 04:00. அமைப்பை மாற்றாமல் விட்டால் குவிக்ஃபிக்ஸ் 120 செக்கனுக்கு மேல் வித்தியாசப்படும் செய்தியை ஏற்காது. 1996-இல் நாட்டின் மணிக்கூட்டை மாற்றியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் அரை மணி கூட்டிக் குறைத்தவர்கள் நாங்கள். 2006-இல்தான் இரண்டும் ஒன்றானது. ஆகவே ‘உள்ளூர் நேரம்’ என்ற சொல்லை நிரலில் கண்டால் எனக்குக் கை கூசும்.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வேலை, ஓடர் போய்க்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்குவது. போன கிழமை ஒரு தங்கச்சி பிடுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தபடி கேட்டாள், “அண்ணா, இப்ப அந்த ஓடர் போச்சுதா, போகேல்லையா?” ஸ்டோர் கோப்பைத் திறந்து கடைசி இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன்.