ஹெசெத்: கிருபையா, பேரன்பா?

எபிரேய வேதத்தில், அதாவது கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டில், சுமார் 250 இடங்களில் வரும் சொல் ‘ஹெசெத்’. அதில் பாதிக்கு மேல் சங்கீதங்களில். கடவுளின் குணம் என்ன என்ற கேள்விக்கு அந்த வேதம் தரும் விடையில் இச்சொல்லுக்கு நடு இடம் உண்டு. ஆனால் நம் பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பை மட்டும் வாசித்து வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு தனிச்சொல் இருப்பதே தெரிய வாய்ப்பில்லை. யாத்திராகமம் 34:6இல் அது ‘தயை’. அடுத்த வசனத்திலேயே ‘இரக்கம்’. 136ஆம் சங்கீதத்தில் ‘கிருபை’.

எபிரேயத்தில் இரக்கத்துக்கு வேறு சொல் இருக்கிறது: ‘ரஹமிம்’. கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்ற சொல்லோடு உறவுடையது அது. தகுதி பாராமல் காட்டும் தயவுக்கு ‘ஹேன்’. ஹெசெத் இவ்விரண்டோடும் நெருங்கி வரும், ஆனாலும் வேறு. ஏற்கெனவே ஓர் உறவு இருக்கிறது, ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வாக்கைக் கைவிடாமல் நிற்கும் அன்புதான் ஹெசெத்.

தாவீதின் கதையில் இது துலக்கமாகத் தெரியும். அரசன் சவுலின் மகன் யோனத்தானும் தாவீதும் உடன்படிக்கை செய்துகொண்டவர்கள். யோனத்தான் போரில் மாண்டுபோகிறான், தாவீது அரசனாகிறான். பழைய அரசனின் வாரிசுகளை ஒழித்துக்கட்டுவது அக்காலத்து அரசர்களுக்குப் புதிதல்ல. தாவீதோ, யோனத்தான் நிமித்தம் நான் ஹெசெத் செய்யத்தக்கவன் யாராவது மீந்திருக்கிறானா என்று விசாரிக்கிறான். இரு கால்களும் முடமான, யோனத்தானின் மகன் மேவிபோசேத்தைத் தேடிப்பிடித்துத் தன் பந்தியில் உட்காரவைக்கிறான். வாக்கு வாங்கியவன் உயிரோடு இல்லை. ‘ஏன் மறந்தாய்’ என்று கேட்க யாருமில்லை. அப்போதும் காப்பாற்றப்படுகிறதே, அதுதான் இச்சொல்லின் உயிர்.

1927இல் நெல்சன் குளூக் என்ற ஆய்வாளர் ஹெசெத்தை உடன்படிக்கைக் கடமையாகவே விளக்கினார். பின்வந்தவர்கள் அது வெறும் கடமையல்ல, மனமுவந்து செய்வது என்று திருத்தினார்கள். திருத்தியவர்கள் பக்கமே நான் நிற்பேன். பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கி உடன்படிக்கையை இஸ்ரவேலர் முறித்துப்போட்ட பிறகுதான், கடவுள் தம்மை ‘ஹெசெத் மிகுந்தவர்’ என்று மோசேயிடம் அறிவிக்கிறார். மறுபக்கம் முறித்துவிட்டால் ஒப்பந்தக் கடமை அங்கே முடிந்துவிடும். ஹெசெத் முடியவில்லை.

இனி தமிழுக்கு வருவோம். கிருபை என்பது ‘கிருபா’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான ‘காரிஸ்’ என்பதற்கும் பழைய மொழிபெயர்ப்பு இதையே வைத்திருப்பதால், நம் காதில் கிருபை என்றதுமே ‘தகுதியற்றவனுக்குக் கிடைத்த தயவு’ என்ற பொருள்தான் ஒலிக்கிறது. அது ஹேனுக்குப் பொருந்தும். ஹெசெத்தில் இருக்கும் உறவின் பிடிமானம் அதில் விட்டுப்போகிறது.

திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இங்கே நமக்கு உதவுகிறார். தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு. தொடர்பு பற்றாது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என்று அவர் பிரிக்கிறார். ‘அருளென்னும் அன்பீன் குழவி’ என்ற குறளும் அன்பையே தாயாக வைக்கிறது. இந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டால் காரிஸுக்கு அருள், ஹெசெத்துக்குப் பேரன்பு என்று அழகாக அமைந்துவிடும். பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பல இடங்களில் இப்படித்தான் செய்திருக்கிறது. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் திரும்பத் திரும்ப வரும் வரி அதில் ‘என்றும் உள்ளது அவரது பேரன்பு’. ‘மாறாப் பேரன்பு’ என்றால் இன்னும் நெருங்கிவரும். வாக்குத் தவறாமை அந்த ‘மாறா’வில் வந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழில் அன்பு பெரும்பாலும் நெஞ்சுக்குள் நிகழ்வது. எபிரேயத்தில் ஹெசெத் ‘செய்யப்படுவது’. 136ஆம் சங்கீதம் சூரியனைப் படைத்ததையும், செங்கடலைப் பிளந்ததையும், மாம்சதேகமுள்ள யாவருக்கும் ஆகாரம் கொடுப்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஹெசெத்தோடு சேர்த்துப் பாடுகிறது. எருசலேம் இடிந்து கிடந்தபோது பாடப்பட்ட புலம்பல் 3:22இல், ‘நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே’ என்று நாம் ஒருமையில் வாசிக்கும் சொல், மூலத்தில் பன்மை: பேரன்பின் செயல்கள்.