‘உடனடியாக’ என்றால் எத்தனை நாள்?

மட்டக்களப்பில் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் என்னிடம், வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து வந்த அறுபது வயது கடந்த ஒரு தாய், மருமகனின் கடனுக்குப் பிணையாளாகக் கையொப்பமிடும்படி கொடுக்கப்பட்ட ஆங்கிலப் பத்திரத்தை மேசையில் விரித்து வைத்தார். “கேட்டா உடனடியாகக் கட்டணும் எண்டு இதில இருக்காம். உடனடியாக எண்டா எத்தின நாள் தம்பி?” என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காமலே கையெழுத்து வைத்துவிட்டுப் பின்னர் வந்து கலங்கி நின்றவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, அவர் கேட்டது பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தப் பத்திரத்தில் இருந்த சொல் ‘ஒன் டிமான்ட்’. ‘கேட்ட மாத்திரத்தில்’ என்பதே அதற்கு நேரான தமிழ். அதில் தவணை கிடையாது. கடன் கொடுத்தவர் கேட்கும் வேளைதான் தவணை. இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டு மாற்றுண்டியல் சட்டத்தின்படி, பணம் செலுத்தவேண்டிய காலம் எதுவும் குறிக்கப்படாத மாற்றுண்டியலும் (இன்னாருக்கு இவ்வளவு பணம் செலுத்து என்று ஒருவர் மற்றொருவருக்கு எழுத்தில் பணிக்கும் பத்திரம்) கேட்டவுடன் செலுத்தவேண்டியதாகவே கொள்ளப்படும். இலங்கைச் சட்டமும் அதன் வழி வந்ததே. ஆகவே திகதிக்குரிய இடம் வெறுமையாக இருப்பதை நமக்குக் கிடைத்த சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் தாயோ, வெள்ளாமை வெட்டியதும் கட்டிவிடலாம் என்ற நினைப்பில் இருந்தார். எழுத்தில் அறிவித்து இத்தனை நாட்களுக்குள் என்று எண்ணாலே எழுதித் தரும்படி கேட்குமாறும், அதற்கு முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுமாறும் சொல்லி அனுப்பினேன்.

அவசரத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. நாமோ அவை எல்லாவற்றையும் ‘உடனடியாக’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். ‘இமீடியட்லி’ என்பது, இடையில் எதுவும் இல்லை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ஃபோர்த்வித்’ சட்ட மொழி. அதைச் சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான விரைவு என்று நீதிமன்றங்கள் பொருள்கொள்வதுண்டு. ‘ப்ராம்ப்ட்லி’ தாமதிக்காதே என்கிறது, ஆனால் வேலையைச் செய்து முடிக்க இடம் தருகிறது. ‘அஸ் சூன் அஸ் பொசிபிள்’ என்பதில் அளவுகோலே செய்பவரின் கையில் இருக்கிறது.

இந்த வேறுபாடு யாரைப் பாதிக்கிறது என்பதை, வளைகுடா நாடொன்றுக்குப் போகவிருந்த கல்முனை இளைஞர் ஒருவரின் வேலை ஒப்பந்தத்தில் நேரில் கண்டேன். வேலை முடிவுறுத்தப்பட்டால் தொழிலாளி தங்குமிடத்தை ‘இமீடியட்லி’ விட்டு வெளியேற வேண்டும். நிலுவைச் சம்பளத்தை நிறுவனம் ‘அஸ் சூன் அஸ் பொசிபிள்’ செலுத்தும். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த தமிழ்ப் பிரதியில் இரண்டு இடத்திலும் ‘உடனடியாக’ என்றே இருந்தது. அன்றைக்கே அறையை விடவேண்டியவருக்கு, சம்பளம் எப்போது வரும் என்பதற்கு ஒரு நாள்கூடக் குறிக்கப்படவில்லை என்பது தமிழில் படித்தவருக்குத் தெரியவே தெரியாது. மொழிபெயர்ப்பில் இழைக்கப்படும் இத்தகைய தவறைச் சிறு பிழை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

விரைவைச் சொல்லும் சொற்கள் காலப்போக்கில் தளர்ந்துபோவதும் உண்டு. இன்று ‘விரைவில்’ என்னும் பொருள் தரும் ‘சூன்’, பழைய ஆங்கிலத்தில் ‘அக்கணமே’ என்று பொருள்பட்டது. ‘பிரசன்ட்லி’ என்பதும் ஒரு காலத்தில் ‘உடனே’ என்றிருந்து, பிரித்தானிய வழக்கில் ‘சற்று நேரத்தில்’ ஆகிவிட்டது. அமெரிக்கருக்கோ அது ‘தற்போது’. ‘மொமென்டரிலி’ பிரித்தானியருக்குக் கணநேரம் மட்டும் நீடிப்பது. அமெரிக்கருக்கு இன்னும் சற்று நேரத்தில் நிகழவிருப்பது. மனிதர் ‘உடனே’ என்று சொல்லிவிட்டுப் பிந்தி வருவதால்தான் இந்தத் தளர்வு என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் “இந்தா வாறன்” என்றவர் எப்போது வருவார் என்பது கேட்டவருக்கு நன்றாகவே தெரியும்.

வைத்தியர்கள் எழுதும் ‘ஸ்டாட்’ அப்படித் தளரவில்லை. ‘ஸ்டாடிம்’ என்ற லத்தீன் சொல்லின் சுருக்கமான அது, மருந்தை இப்போதே கொடு என்ற கட்டளை. ஆனால் மாத்திரைப் பெட்டியில் உள்ள ‘இமீடியட் ரிலீஸ்’ வேறு; மருந்து உடலில் மெதுவாக அன்றி விரைவாக வெளிவிடப்படும் என்பதே அதன் பொருள். உடனே விழுங்கு என்று அது சொல்லவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு தவறு செய்தேன். பழைய காணிக் கடிதமொன்றில் ‘12ஆம் திகதி இன்ஸ்ட்.’ என்று இருந்ததை ‘உடனடியாக’ என்று மொழிபெயர்த்துவிட்டேன். அது ‘இன்ஸ்டன்ட்’ என்பதன் சுருக்கம், ‘இந்த மாதம்’ என்பதே பொருள், ‘அல்ட்.’ என்றிருந்தால் சென்ற மாதம் என்று மூத்த சட்டத்தரணி ஒருவர் திருத்தினார். காணி வழக்கில் ஒரு மாதம் முன்பின்னாகிப் போனால் என்ன நடக்கும் என்பதை எண்ணி அன்றிரவு நான் தூங்கவில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே கவனம் வேண்டும். கண்ணிமைப்பதும் கைந்நொடிப்பதும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் அளந்து வைத்திருக்கிறது. ‘கேட்ட மாத்திரத்தில்’ என்று நாம் சொல்வதும் அந்தச் சொல்லின் உறவே. ஆங்கிலத்தில் மணித்தியாலத்தை முதல் முறை அறுபதாகப் பகுத்தது நிமிடம்; இரண்டாம் முறை பகுத்தது என்பதால் ‘செக்கன்ட்’. நம் முன்னோர் நாழிகையை அறுபதாகப் பகுத்து விநாடி என்றனர். நாழிகை 24 நிமிடம் என்பதால், பழைய விநாடி 24 செக்கன். இன்று விநாடியைச் செக்கனுக்கும் வழங்குவதால், பிறந்த நேரத்துக்குச் சான்றாகப் பழைய சாதகக் குறிப்பைக் கொண்டுவருவோரின் மொழிபெயர்ப்புகளில் பிழை நுழைகிறது. அண்மையில் வந்த ஒன்றில், உதயாதி நாழிகை 12 விநாடி 30 என்றிருந்ததை யாரோ நண்பகல் 12 மணியும் 30 செக்கனும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டரை நாழிகை என்பது சூரியன் உதித்து 300 நிமிடம், அதாவது சரியாக 5 மணித்தியாலம். உதயம் காலை 6 மணி என்று அதே ஓலையில் குறித்திருந்தபடியால், பிள்ளை பிறந்தது முற்பகல் 11 மணிக்கு.