டீக்கன்: பந்தியில் பிறந்த சொல்

சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர், அதாவது சபைப் போதகர், ஆவதற்கு முன் ஒருவர் பெறும் பட்டம் டீக்கன். ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு லத்தீன் வழியாகவும், லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்தும் போனது. கிரேக்க மூலம் 'தியாகொனொஸ்'. அங்கே அது பட்டமல்ல. ஏவிய வேலையைச் செய்பவர், செய்தி கொண்டுபோகிறவர், முக்கியமாகப் பந்தியில் பரிமாறுகிறவர்.

'திய' என்றால் ஊடாக, 'கோனிஸ்' என்றால் தூசி. ஆகவே தூசியைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிறவன் என்று பிரசங்கங்களில் விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சொல்லின் நடுவிலுள்ள 'யா' என்ற நெடில் அந்தப் பிரிப்புக்கு இடங்கொடுக்கவில்லை. அதை விட்டுவிடலாம்.

பழைய தமிழ் வேதாகமம் இந்த ஒரு சொல்லை இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்கிறது. மத்தேயு 20:26-இல் பணிவிடைக்காரன். பிலிப்பியர் 1:1-இல் உதவிக்காரர். ரோமர் 16:1-இல் கெங்கிரேயா சபையின் பெபேயாள் ஊழியக்காரி. யோவான் 2-இல், கானா ஊர்க் கல்யாணத்தில், வெறும் வேலைக்காரர். எனக்கு மிகப் பிடித்த இடம் இந்தக் கடைசி இடம்தான். கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பி, மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தத் தண்ணீர் திராட்சரசமாக மாறியிருந்தது. அது எங்கிருந்து வந்ததென்று பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்போஸ்தலர் 6-இல் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். விதவைகளுக்கு அன்றாடம் பகிர்வதில் குறை வந்ததால் 'பந்திவிசாரணை'க்கு, அதாவது பந்தியைக் கவனிக்க, ஆள் தேவைப்பட்டது. டீக்கன் என்ற பெயர் அங்கே அவர்களுக்குச் சூட்டப்படவில்லை. ஆனால் அந்த வேலைக்கு வரும் கிரேக்க வினை இதே குடும்பத்தது. எழுவரில் ஸ்தேவானையும் பிலிப்பையும் எல்லாரும் அறிவோம். பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா? அந்த ஒரு வசனத்தோடு அவர்கள் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனாலும் விதவைகளுக்குச் சோறு போயிருக்கிறது.

தமிழில் எதைச் சொல்வது? ஊழியம் என்ற சொல்லுக்கு ஒரு வலியுள்ள வரலாறு உண்டு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். அந்தச் சொல்லைச் சபை மனமுவந்து செய்யும் வேலைக்கு எடுத்தது பெரிய காரியம். இன்றோ ஊழியக்காரர் என்றால் மேடையும் மைக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. பெருக்கிக் கழுவுகிறவரை யாரும் அப்படி அழைப்பதில்லை.

கத்தோலிக்கர் 'திருத்தொண்டர்' என்கிறார்கள். நல்ல தமிழ், பக்தி மரபில் ஊறிய சொல். பெரியபுராணத்துக்கே திருத்தொண்டர் புராணம் என்றுதான் பெயர். பட்டத்துக்கு இது பொருத்தம். ஆனால் அரசியல் கட்சிகள் 'தொண்டர்' என்பதைக் கொடி பிடிக்கிறவராக்கிவிட்டதால், 'திரு' இல்லாமல் அது தனியே நிற்பது கடினம்.

நான் பரிந்துரைப்பது பணிவிடையாளர். படுத்திருக்கும் மாமியாருக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவுக்கு நாம் செய்வதுதான் பணிவிடை. தொட்டுச் செய்கிற வேலை அது. கூட்டத்துக்கு முன்னால் செய்வதற்கு அந்தச் சொல் வராது.

திருநெல்வேலிப் பக்கத்து அசனத்தில், சபையார் கூடி உண்ணும் விருந்தில், உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பொருள் உடனே விளங்கும். இலை போட்டதும் ஒருவர் பெட்டியில் சோறு கொண்டுவருவார். பின்னாலேயே கறி வாளியோடு ஒருவர், குனிந்து, குனிந்து, வரிசை முடியும்வரை. நாம் இலையைப் பார்ப்போம். அகப்பை பிடித்த கையைப் பார்ப்போம். முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. எல்லாரும் எழுந்து போனபின் கடைசிப் பந்தியில் அவர்கள் உட்காரும்போது வாளியில் பெரும்பாலும் குழம்புதான் மிஞ்சியிருக்கும். ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள்.