குழம்பாக்கி இல்லை, பால்மமாக்கி

நாகர்கோவிலில் ஒரு சுயதொழில் பயிற்சியில், வீட்டிலேயே ஹேர் கண்டிஷனர் செய்யும் முறையைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தார்கள். எமல்சிஃபையர் வரவேண்டிய இடமெல்லாம் ‘குழம்பாக்கி’. இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

எமல்ஷனுக்கு வேர், பால் கறத்தலைக் குறிக்கும் ‘முல்கேரே’ என்ற லத்தீன் வினை. எண்ணெயும் நீரும் போல ஒட்டாத இரண்டில் ஒன்று நுண்துளிகளாக மற்றதில் பரவி நிற்பது எமல்ஷன். பள்ளி வேதியியலில் இதற்குப் ‘பால்மம்’ என்ற சொல் இருக்கிறது. துளிகள் மறுபடி கூடிப் பிரியாமல் காப்பது பால்மமாக்கி.

சந்தனக் குழம்பு என்கிறோமே, குழம்பாக்கி ஏன் கூடாது என்பார்கள். கூடாது. குழம்பு என்றால் கெட்டிப்பதம். எண்ணெயும் நீரும் இணைந்து நிற்பது அதில் இல்லவே இல்லை. பயிற்சிக்கு வந்த தக்கலைப் பெண் ஒருவர், கெட்டியாக்கினால் போதும் என்றே புரிந்துகொண்டு, கார்ன்ஃப்ளவரைக் கூழாகக் காய்ச்சித் தேங்காய் எண்ணெய் ஊற்றி அடித்திருக்கிறார். மூன்றாம் நாள் பாட்டிலோடு வந்தார்: “அக்கா, எண்ணெ தனியா மேல வந்து நிக்கு.” ஒரு விரற்கடை உயரத்துக்குத் தெளிந்த எண்ணெய், அடியில் கூழ். அவர் கைப்பக்குவத்தில் பிழையில்லை, சொல்லில்தான் பிழை.

அவருக்கு வேண்டியிருந்தது பிடிஎம்எஸ்-50 என்ற பால்மமாக்கி. 100 கிராம் கண்டிஷனருக்கு 5 கிராம் போதும். எண்ணெயோடு அதை ஒரு பாத்திரத்திலும் தண்ணீரை இன்னொன்றிலும் 70 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்றாக ஊற்றி அடித்தால் கண்ணெதிரே பாலாக வெளுக்கும். பிடிஎம்எஸ் நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால், எதிர்மின்னேற்றம் கொண்ட முடியில் ஒட்டி நின்று சிக்கையும் குறைக்கும். சாதாரண எமல்சிஃபையிங் வாக்ஸ் எண்ணெயையும் நீரையும் சேர்க்கும். முடியில் ஒட்டிச் சிக்கைக் குறைக்கும் வேலையைச் செய்யாது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பால்மம் புதிதா என்ன? ரப்பர் மரத்தில் வடிவதைப் பால் என்கிறோம், அந்த வேலையைப் பால்வெட்டு என்கிறோம். ஆசிட் விட்டால் அந்தப் பால் உறைந்து ஷீட்டாகும். தேங்காய்ப்பாலில் எண்ணெயைப் பிடித்துவைத்திருப்பது அதிலுள்ள புரதம். நேரமெடுத்துக் காய்ச்சினால் பிடி விட்டு எண்ணெய் மேலே வரும். இதைத் தினம் பார்க்கிறவர்களிடம் ‘பால்மம்’ என்றால் பொருள் தானே விளங்கும்.

அதே தாளில் செட்டைல் ஆல்கஹாலுக்குக் ‘கொழுப்புச் சாராயம்’ என்று போட்டிருந்தார்கள். வெள்ளை மெழுகுச் சில்லாக இருக்கும் பொருள் அது. சாராயம் என்றதும் வீட்டில் வாங்கிவைக்கலாமா என்று ஒருவர் பயந்து கேட்டார். மொழிபெயர்த்தவர் அந்தப் பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

பயிற்சி நடத்தியவரிடம் இரண்டு சொல்லையும் திருத்தச் சொன்னேன். அடுத்த அணிக்கும் சேர்த்து அச்சடித்தாகிவிட்டது என்றார். தாள்கட்டுகளை வாங்கிவந்து, ஒவ்வொரு தாளிலும் பேனாவால் அடித்துப் பால்மமாக்கி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.