சீரியல் செட்

ஆடித் திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்துத் தரச் சொல்லி, தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கொடியேற்றம், சாகை வார்த்தல், செடல், தேர் எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரி மட்டும் இப்படி: ‘கலர் சேஞ்சிங் எல்இடி சீரியல் செட் உபயம்: இளைஞர்கள்’. கீழே ஒரு குறிப்பு: “ஐயா, இத மட்டும் நல்ல தமிழ்ல மாத்திக் குடுங்க.”

ஒரு வரிதானே என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆயிற்று.

‘செட்’டில் சிக்கல் இல்லை. மைக் செட், ரேடியோ செட், பம்பு செட் என்று எதன் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் சொல் அது; வெட்டிவிட்டால் பொருள் குறையாது. ‘சீரியல்’தான் சுவாரசியமானது. நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, இரவு ஏழு மணிக்குமேல் தொலைக்காட்சியில் ஓடுவது. மற்றொன்று, கோயில் வேப்பமரத்தில் தொங்குவது. இரண்டுக்கும் தாய் ஒருத்திதான். இலத்தீனில் ‘செரெரே’ என்றால் கோப்பது, தொடுப்பது. அதிலிருந்து ‘சீரீஸ்’, அதிலிருந்து ‘சீரியல்’. தமிழில் ‘தொடர்’, ‘தொடை’, ‘தொடுத்தல்’ ஆகியவையும் இதே போக்கில்தான் கிளைத்திருக்கின்றன. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கதம்பம் தொடுக்கிற அம்மாவின் கைவேலைதான் இரண்டு மொழியிலும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

பழைய சீரியல் செட் அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உடையது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். குட்டி பல்பு ஒன்று 6 வோல்ட்டுதான் தாங்கும். அதைத் தனியாக மாட்டினால் டப்பென்று போய்விடும். அதனால் ஏறக்குறைய 40 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மின்னழுத்தத்தை அத்தனைக்கும் பங்கு போட்டார்கள். பள்ளியில் படித்த ‘தொடர் இணைப்பு’ இதுதான். பங்காளிகளில் ஒருவர் கைவிட்டாலும் மொத்த வரிசையும் அணைந்துபோகும். எது போனது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்த கைகள் எங்கள் தெருவில் நிறைய. நிறம் பல்புக்குள்ளிருந்து வந்ததல்ல. கண்ணாடியில் பூசிய சாயமோ மேலே செருகிய பிளாஸ்டிக் மூடியோ தந்தது. வெள்ளொளியில் வேண்டாத நிறங்களைத் தடுத்து, வேண்டியதை மட்டும் வெளியே விடுகிற முறை. வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு நிறத் திரைகளை விலக்கி ஜோதி காட்டுவார்களே, அங்கும் சுடர் ஒன்று, நிறம் திரையில். 

எல்இடியில் திரை கிடையாது. நிறம் பொருளிலேயே இருக்கிறது. குறைகடத்திப் படிகம் ஒன்றில் மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல்நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்குகின்றன. அந்த இறக்கத்தின் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. படி குட்டையாக இருந்தால் சிவப்பு, உயரமாக இருந்தால் நீலம். சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டும் நீலத்துக்கு 3 வோல்ட்டும் கேட்பதற்குக் காரணமும் இந்தப் படிதான்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹாலனியாக் செய்து காட்டினார். பிறகு மஞ்சள் வந்தது, மங்கலான பச்சை வந்தது. பளிச்சென்ற நீலம் மட்டும் முப்பது ஆண்டு போக்குக் காட்டியது. காலியம் நைட்ரைடு என்ற பொருளைத் தரமான படிகமாக வளர்க்க முடியாதது பெரிய தடை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் அந்த நீலத்தைச் சாதித்தார்கள். 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது அதற்குத்தான். நீலம் வந்த பிறகே முதன்மை நிறங்கள் மூன்றும் கைக்கு வந்தன. தம்பி எழுதிய ‘கலர் சேஞ்சிங்’ என்ற சொல்லுக்கே அதன் பிறகுதான் வேலை.

அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. எந்த எல்இடியும் நிறம் மாறுவதில்லை. சிவப்பு எப்போதும் சிவப்புதான். ஐந்து மில்லிமீட்டர் சதுரத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சில்லுகள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. எது எவ்வளவு எரிகிறது என்பது மட்டும் மாறுகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் மஞ்சள் தெரியும். அங்கே மஞ்சள் ஒளி துளியும் கிடையாது. நம் கண்ணில் இருக்கும் மூவகைக் கூம்பு செல்கள் போடும் கணக்கு அது.

அளவைக் குறைக்கும் விதமும் வேடிக்கையானது. குழாயைப் பாதி திறப்பது போல அல்ல. முழுக்கத் திறந்து முழுக்க மூடுவதை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்கிறது கன்ட்ரோலர். திறந்திருக்கும் நேரம் கூடினால் பிரகாசம், குறைந்தால் மங்கல். ‘துடிப்பு அகல மாற்றம்’ என்று இதைத் தமிழில் சொல்லலாம். கண்ணை ஏமாற்றுகிற இந்தத் துடிப்பு செல்போன் கேமராவை ஏமாற்றாது. திருவிழா வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது இதனால்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் வைத்தால் மூன்றும் சேர்ந்து 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் கலவைகள். பெட்டியில் ‘16 மில்லியன் கலர்’ என்று போட்டிருப்பது இந்தப் பெருக்கல் கணக்கைத்தான். நம் ஊர் சீரியல் செட் அதில் ஏழெட்டைத் தாண்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு நாட்டுக் கொடியையும் அறிந்த புதுச்சேரிக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். ஜூலை 14க்கு ஒரு சுவரில் பிரெஞ்சுக் கொடியின் நிறத்தை விழவைக்க நீலத்தை மட்டும், மூன்றையும், சிவப்பை மட்டும் என்று ஏற்றினால் போதும். ஆகஸ்ட் 15க்கு வெள்ளையும் பச்சையும் சுலபம். காவிக்குத்தான் சிவப்பை முழுதாக விட்டுப் பச்சையைப் பாதிக்குச் சற்று முன்பின்னாக நிறுத்த வேண்டும். கொஞ்சம் கூடினால் மஞ்சளாகிவிடும்.

கோபுரம், பாலம், கடை முகப்பு, கூத்து மேடை, வீட்டுக் கூரைச் சந்து என்று இந்த விளக்கு போகாத இடமில்லை. கல்யாண மண்டபத்து மேடையில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று நிறத்தைக் கலந்து செய்த வெள்ளையில் இடையிலுள்ள நிறங்களுக்குப் போதிய ஒளி இல்லை. மாம்பழ மஞ்சள் பட்டும் மணப்பெண்ணின் முகமும் இயல்பு மாறித் தெரியும். அதற்காகவே தனி வெள்ளைச் சில்லையும் சேர்த்து நான்கு சில்லுகள் கொண்ட விளக்குகள் கிடைக்கின்றன.

இனி ‘எல்இடி’. எல் ஒளி, இ உமிழ்வு, டி டையோடு. டையோடு கிரேக்க வேர்களால் ஆனது: ‘டை’ இரண்டு, ‘ஹோடோஸ்’ பாதை. இரு பாதை என்று பெயர் வைத்துக்கொண்டு மின்சாரத்தை ஒரே பக்கம்தான் விடும்! தமிழில் ‘இருமுனையம்’ என்றார்கள், அது பொருத்தம். ஆக, ‘ஒளியுமிழ் இருமுனையம்’. பிரெஞ்சிலும் ஒளியும் டையோடும் சேர்ந்த சொல்தான், சுருக்கத்தில் எழுத்துகள் இடம் மாறி டிஇஎல் ஆகும். ‘உமிழ்’ என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பாம்பு மணியை உமிழ்ந்து அந்த வெளிச்சத்தில் இரை தேடும் என்று பாடிய மரபு நம்முடையது. ஒளியோடு அந்த வினைக்கு உறவு பழசு. பேச்சுக்கு நீளமாகத் தோன்றினால் ‘ஒளியுமிழி’ போதும்.

சொல்லை முடித்துவிட்டேன் என்று நினைத்தபோதுதான் மஞ்சக்குப்பத்தில் லைட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணனிடம் பேசினேன். “அண்ணே, இப்ப வர்ற எல்இடி பட்டையெல்லாம் சீரியல் கனெக்‌ஷனே இல்லையே, அப்புறம் ஏன் சீரியல் செட்னு சொல்றீங்க?” என்றேன்.

பாதி உண்மைதான் அது. 12 வோல்ட் பட்டையில் மும்மூன்று எல்இடிகள்தான் தொடராக இருக்கும். அந்த மும்மூன்றுகள் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் இருக்கும். கத்தரிக்கோல் குறி மூன்றுக்கு ஒருமுறை வருவதும் அதனால்தான்.

அண்ணன் சிரித்துவிட்டு ஒரு பிக்சல் பட்டையை எடுத்துக் காட்டினார். அதில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் கடுகளவு சிப் ஒன்று இருக்கிறது. கன்ட்ரோலர் அனுப்பும் செய்தியில் முதல் 24 பிட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, மீதியை அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடுகிறது. மயில் தோகை விரிப்பதும் வேல் பாய்வதும் இப்படித்தான். “கரண்ட் தனித்தனி தம்பி. ஆனா சேதி வரிசையாத்தான் போவும். நடுவுல ஒண்ணு செத்தா அதுக்கப்புறம் இருக்கறது எதுவும் சொல்பேச்சு கேக்காது. இது சீரியல் இல்லாம வேற என்ன?”

எனவே ‘தொடர்’ நிலைத்தது. ‘சரவிளக்கு’ அழகான சொல்தான். ஆனால் கோயிலில் தொங்கும் அடுக்கு விளக்குக்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. ‘வண்ணம் மாறும் தொடர்விளக்கு அலங்காரம்’ என்று எழுதி அனுப்பினேன். எந்த எல்இடியும் நிறம் மாறுவதில்லை என்ற என் வழக்கைத் திருவிழாவை முன்னிட்டு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “சூப்பர் ஐயா. ஆனா விளக்கு பூஜைன்னு நெனச்சு பொம்பளைங்க குத்துவிளக்கு எடுத்துட்டு வந்துடப் போறாங்க. கீழ சின்னதா சீரியல் செட்டுன்னும் போட்டுடறேன்.”